நிலையம் மாறியது, வழித்தடம் மாறியதா?



சென்னையின் வெளியூர்ப் பேருந்து நிலையம் என் கண்முன்னே இருமுறை இடம் மாறியது. 2002-இல் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்குப் போனது. 2023 டிசம்பர் 30 அன்று தென்மாவட்டப் பேருந்துகளுக்காகக் கிளாம்பாக்கம் திறக்கப்பட்டது.

இருமுறையும் சொல்லப்பட்ட காரணம் நகர நெரிசல். நியாயமான காரணம்தான். பயணிகளிடம் நான் கேட்ட கேள்வியும் இருமுறையும் ஒன்றுதான்: "இறங்கின பிறகு வீட்டுக்கு எப்படிப் போறது?"

கிளாம்பாக்கம் திறந்தபோது பக்கத்திலேயே மின்சார ரயில் பாதை இருந்தது, ஆனால் அங்கே ரயில் நிலையம் இல்லை. விடியற்காலையில் மூட்டை முடிச்சோடு இறங்கியவர்கள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. என்னைப் போன்ற முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர்தான் முழுப் பயணத்தையும்விடக் கடினம்.

2013-இல் வந்த மினி பஸ்களை நினைத்துப் பாருங்கள். பெரிய பேருந்து நுழைய முடியாத புறநகர்த் தெருக்களை அவை முக்கிய சாலையோடு இணைத்தன. தேவை அறிந்து போட்ட வழித்தடம் அது.

திட்டமிடும் துறைகளில் இருக்கும் என் பிள்ளைகளே, வரைபடத்தில் கோடு போடுமுன் நிறுத்தத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.