மணலில் எழுதிய முதல் எழுத்து

ஆண்டுதோறும் கோடை விடுமுறை முடிந்ததும் நம் பங்குகளின் தொடக்கப்பள்ளி வாயில்களில் ஒரே காட்சிதான். கண்ணீரும் கம்பலையுமாக நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளை. கையை விடுவிக்க மனம் வராத தாய். அக்கையை மெல்ல வாங்கிக்கொண்டு உள்ளே அழைத்துச் செல்லும் ஆசிரியை. தாம்பரம் தொடங்கி வண்டலூர், கூடுவாஞ்சேரி வழியாகச் செங்கல்பட்டு வரை செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் இக்காட்சியைக் காணலாம். அந்தப் பிள்ளையின் வாழ்வில் அதைவிடப் பெரிய பயணம் வேறில்லை. வீட்டின் பேச்சிலிருந்து எழுத்தின் உலகுக்கு அது அடியெடுத்து வைக்கிறது.

நம் கல்லூரிகளுக்கு வரலாறு எழுதுகிறோம். மேல்நிலைப் பள்ளிகளுக்கு நூற்றாண்டு மலர் வெளியிடுகிறோம். முதல் வகுப்புக்கு மட்டும் எவரும் வரலாறு எழுதுவதில்லை. ஆயினும் தமிழகத்தில் திருச்சபை கல்விப் பணியில் இறங்கியது கல்லூரி வழியாக அன்று, மழலைகளின் வழியாகத்தான். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு நீளும் அவ்வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது, இன்று நாம் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுக்கும் ஒளி தரும்.

மணியோசையும் மழலைகளும்

1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. அங்கிருந்த மக்களோ திருமுழுக்குப் பெற்றிருந்தும் செபங்களை அறியாதிருந்தனர். இரு மொழியும் ஓரளவு அறிந்தோரைத் துணைக்கழைத்து, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கட்டளைகள், இயேசு கற்பித்த செபம் ஆகியவற்றைத் தமிழில் பெயர்த்து, அவர் தாமே மனப்பாடம் செய்தார். பின்னர் கையில் மணியேந்தி ஊரைச் சுற்றி வந்து சிறுவரையும் பெரியோரையும் கூட்டி, நாளுக்கு இருமுறை கற்பித்தார். கற்றதை வீட்டிலுள்ளோர்க்கும் அக்கம்பக்கத்தார்க்கும் சொல்லித்தருமாறு பிள்ளைகளைப் பணித்தார். 1544 சனவரியில் உரோமையிலிருந்த தம் தோழர்க்கு அவர் எழுதிய மடல் இவற்றையெல்லாம் நமக்குச் சொல்கிறது.

இங்கு இரு செய்திகள் நம் கருத்துக்குரியவை. ஒன்று, ஆசிரியர்தாம் முதலில் மாணவரானார். பிள்ளையின் மொழியைப் பிழையோடேனும் கற்ற பிறகே பிள்ளைக்குக் கற்பித்தார். மற்றொன்று, கற்ற பிள்ளையே ஆசிரியராயிற்று. தாம் அடுத்த ஊருக்குச் சென்ற பின்னும் கற்பித்தல் தொடரவேண்டும் என்பதற்காக ஊர்தோறும் ஆளமர்த்தி, அவர்களின் ஊதியத்துக்குப் போர்த்துக்கீசிய அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கியிருந்த நாலாயிரம் பணத்தை அவர் கேட்டுப் பெற்றார் என்பதும் வரலாறு. அரசியின் பாதணிக்கான பொருள், கடற்கரைக் குழந்தைகளின் பாடத்துக்குப் பயன்பட்டது.

சிறுவர்க்கென அச்சேறிய நூல்

சவேரியாரின் பணியைத் தொடர்ந்த அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. மறு ஆண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ வினாவிடை வடிவில் அமைந்தது. அதன் மூலம், மார்க்கோஸ் ஜார்ஜ் என்னும் இயேசு சபைக் குரு சிறுவர்க்குக் கற்பிப்பதற்கென்றே போர்த்துக்கீசிய மொழியில் இயற்றிய மறைக்கல்வி நூலாகும். தமிழ் அச்சுக்கலையின் தொட்டிலில் ஒரு குழந்தைக் கல்விநூல் கிடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அடுத்து வருபவர் வீரமாமுனிவர். அவரைத் ‘தேம்பாவணி’யின் ஆசிரியராகவும் ‘சதுரகராதி’யின் தொகுப்பாளராகவும் போற்றுகிறோம். முதல் வகுப்புப் பிள்ளை அவருக்குப் பட்டிருக்கும் கடனை எண்ணிப் பார்ப்பதில்லை. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட்டு நெடிலினின்று பிரிப்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வந்த மரபு. ஓலையில் எழுத்தாணியால் புள்ளியிட்டால் ஓலை துளைபடும் என்று எழுதுவோர் அதை விட்டுவிட்டனர். அதனால் குறிலோ நெடிலோ என்பதைப் படிப்பவரே சூழலைக்கொண்டு ஊகிக்க வேண்டியிருந்தது. கற்றவர் ஊகிப்பார், ஐந்து வயதுப் பிள்ளை என் செய்யும்? நெடிலின் வடிவை வேறுபடுத்தி அக்குழப்பத்தைத் தீர்த்த பெருமை வீரமாமுனிவர்க்கு உரியதாகக் கூறப்படுகிறது. ‘ஏ’யின் காலில் இழுக்கும் கோடும், ‘ஓ’வின் அடியில் போடும் சுழியும், சுழித்த இரட்டைக் கொம்பும் அவ்வழி வந்தவை. இன்று எம்மதத்துப் பிள்ளையானாலும் சிலேட்டில் ‘தேன்’ என்று எழுதும்போது அந்த இத்தாலியத் துறவியின் கைபிடித்தே எழுதுகிறது.

திண்ணையும் மணலும்

இவற்றால் எழுத்தறிவு நம் நாட்டுக்குக் கிறித்தவத்தோடுதான் வந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது. திண்ணைப் பள்ளிகள் நம் ஊர்களில் தழைத்திருந்தன. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன. மக்கள்தொகையோ ஏறத்தாழ ஒருகோடியே இருபத்தெட்டு இலட்சம். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று 1826 மார்ச்சுத் திங்களில் அவர் குறித்து வைத்தார்.

அப்பள்ளிகளில் முதலாண்டு எவ்வாறு கழிந்தது என்பதைப் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் காம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை விரிவாகக் காட்டுகிறது. ஐந்து வயதில் பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியரும் மாணவரும் வந்து, வழிபாடு நடத்தி, பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைப்பர். பிறகு பள்ளியில் மணலைப் பரப்பி, விரலால் எழுதியவாறே எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிப் பழகுவர். கண்ணும் விரலும் நாவும் செவியும் ஒருங்கே இயங்கும் கல்வி அது. எழுத்துப் படிந்த பிறகே கையில் ஓலை. மூத்த மாணவர் இளையோர்க்குச் சொல்லித்தருவர், சட்டாம்பிள்ளை மேற்பார்ப்பார்.

இந்த மணலின் புகழ் கடல் கடந்ததும் உண்டு. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்க்கென அமைந்த இல்லத்தை 1789-இல் பொறுப்பேற்ற ஆங்கிலிக்கன் குரு ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டார். தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் ‘சென்னை முறை’ என்ற பெயரில் இது பரவி, இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் ஆயிரமாயிரம் பேர் அவ்வாறு எழுத்தறிந்தனர். மணியேந்தி நடந்த சவேரியார் பிள்ளைகளைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக்கியதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

எனினும் திண்ணையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பிரம்புக்கும் கோதண்டத்துக்கும் அங்கே குறைவில்லை. மன்றோவின் கணக்கில் ஏறத்தாழ 1,88,000 மாணவருள் பெண்கள் ஐயாயிரத்தையும் எட்டவில்லை. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளோ பெரும்பாலான ஊர்களில் அத்திண்ணையை நெருங்கவே இயலாதிருந்தனர். மணல் எல்லார்க்கும் பொதுவாயினும் திண்ணை பொதுவாயிருக்கவில்லை.

இரு ஊற்றுகள்

அந்தக் குறையை நிரப்பும் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது. அப்போது இரண்டே ஆண்டு இடைவெளியில் இரு ஊற்றுகள் தோன்றின. 1842-இல் அயர்லாந்திலிருந்து காணிக்கை அன்னை சபைக் கன்னியர் சென்னைக்கு வந்து, ஜார்ஜ் டவுனில் பள்ளி தொடங்கினர். ஆங்கிலப் படைவீரர்களின் பிள்ளைகளும் ஆதரவற்ற சிறுமியரும் அங்குப் பயின்றனர், பயிற்றுமொழி ஆங்கிலம். 1844-இல் புதுச்சேரியில், பாரிசு அந்நிய வேதபோதகச் சபையைச் சார்ந்த லூயி சவினியன் துய்ப்புயி அடிகளார், தமிழ்ப் பெண்களைக் கொண்டே மரியாவின் தூய இருதயச் சபையை நிறுவினார். தமிழ்ச் சிறுமியர்க்குத் தமிழில் எழுத்தறிவிப்பதே அச்சபை பிறந்த நோக்கம். பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊர் நம்பிய காலம் அது. அதே அடிகளார் புதுச்சேரி மிஷன் அச்சகத்தை நடத்தியும், தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுப்பில் பங்கேற்றும் தமிழுக்குத் தொண்டாற்றினார்.

இவ்விரு ஊற்றுகளிலும் நல்ல நீரே சுரந்தது. ஆயினும் ஒன்று ஆங்கிலம் பேசுவோரின் பிள்ளைகளுக்காகவும், மற்றொன்று தமிழ் பேசுவோரின் பிள்ளைகளுக்காகவும் அகழப்பட்டது. அதாவது இரண்டுமே அந்தந்தப் பிள்ளை வீட்டில் பேசிய மொழியிலேயே தொடங்கின. இதை மறந்ததுதான் பிற்காலத்தில் நேர்ந்த பிழை.

1854-இல் வந்த உட்ஸ் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கும் அரசு உதவித்தொகை வழங்க வழிவகுத்தது. அதனால் சிற்றூர்ப் பங்குகளிலும் ஆலயத்தை ஒட்டிப் பள்ளிக்கூடம் எழுந்தது. ஆலயத்துக்குள்ளேயே சாதிப் பிரிவினையை நாம் சுமந்திருந்தோம் என்பதும் உண்மை. வடக்கன்குளம் ஆலயத்தில் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. எனினும் முதல் வகுப்பின் பாயில் பிள்ளைகள் நெருங்கி அமர்ந்தபோது, பெரியோர் எழுப்பிய சுவர்கள் பல சத்தமின்றிச் சரியத் தொடங்கின.

காதைத் தொட்ட கை

பிறப்புச் சான்றிதழ் பரவலாக இல்லாத காலத்தில், வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடமுடிந்தால் பிள்ளைக்கு வயது ஐந்து நிறைந்தது என்று கொள்வார்கள். பெரியோர் பலரின் பிறந்தநாள் ஜூன் திங்களில் விழுவதன் இரகசியம், சேர்க்கை நாளில் தலைமையாசிரியர் எழுதிய தேதியே ஆகும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு கைகொடுத்தது.

சேர்ந்த பிள்ளை பசியோடிருந்தால் எழுத்து ஏறாது. 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவளிக்கத் தொடங்கியது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் விரிந்தது. 1982-இல் அது எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாயிற்று. 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவு தொடங்கியது. அத்திட்டம் ஊரகங்களின் உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது, 2024 சூலை 15 அன்று விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது, 2025 ஆகஸ்டு 26 அன்று விழா நடந்த இடம் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளி. இரண்டும் நம் திருச்சபையின் பள்ளிகள். இரு பள்ளிகளின் முதல் வகுப்புகளிலும் அமர்ந்திருந்தோர் எவர் வீட்டுப் பிள்ளைகள் என்று விளக்கவும் வேண்டுமோ?

நம்முன் நிற்கும் வினா

கற்பிக்கும் முறையும் மாறிவந்துள்ளது. மணலுக்குப் பின் சிலேட்டும் பலப்பமும் வந்தன. 2007-இல் செயல்வழிக் கற்றல் அட்டைகள் மாநிலமெங்கும் பரவின. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம், கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடமே காணாது வளர்ந்த பிள்ளைகளை எழுத்தின் கரைக்குக் கொண்டுவர முயன்றது. பாடலும் ஆடலும் படமும் முதல் வகுப்பில் இடம்பெற்றன; பிரம்பு விடைபெற்றது. இம்மாற்றங்களை வரவேற்போம்.

ஆனால் நம் பங்குகளில் வேறொரு மாற்றமும் நிகழ்கிறது. ஒரே வளாகத்தில் ஆங்கிலவழிப் பள்ளியின் மழலையர் வகுப்புக்கு விண்ணப்பங்கள் குவிய, உதவிபெறும் தமிழ்வழித் தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்பு இளைத்துக்கொண்டே வருகிறது. முதல் வகுப்பு இளைத்தால், நான்கைந்து ஆண்டுகளில் பள்ளியே இளைத்துவிடும். பெற்றோரைக் குறைகூறிப் பயனில்லை. தம் பிள்ளை ஆங்கிலம் பேசவேண்டும், தாம் பட்ட அவமானம் அதற்கு நேரக்கூடாது என்பது அவர்களின் ஏக்கம். அந்த ஏக்கம் நியாயமானது. ஆனால் வீட்டில் கேளாத மொழியில் முதலெழுத்தைக் கற்கும் பிள்ளை, பொருளறியாது ஒலியை மட்டும் ஒப்பிக்கிறது. தாய்மொழியில் படிக்கக் கற்ற பிள்ளை, வேறு மொழியையும் அப்படிக்கட்டிலேறி எளிதில் கற்கும்.

தென்சென்னைப் புறநகரில் இவ்வினா புதிய வடிவமும் எடுத்துள்ளது. 2023-இன் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைச் சுற்றி ஊர் பெருகுகிறது. அங்கெல்லாம் கட்டடங்களை எழுப்ப வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளரின் பிள்ளைகளும் வண்டலூர் வட்டாரத்தில் வாழ்கின்றனர். அப்பிள்ளைக்குத் தமிழே அயல்மொழி. அதற்கு முதலெழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியை, அதன் மொழியில் ‘வா’, ‘உட்கார்’, ‘பசிக்கிறதா?’ என்னும் சொற்களையாவது முதலில் கற்கவேண்டும். கடற்கரையில் சவேரியார் செய்தது அதுவே.

ஆகவே பங்குப் பேரவையிலும் அன்பியக் கூட்டங்களிலும் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை. நம் பங்குப் பள்ளியின் முதல் வகுப்பில் இவ்வாண்டு எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர்? வருகிற ஆண்டில் சேரவேண்டிய பிள்ளைகள் எந்தத் தெருவில், எந்தக் குடிசையில் இருக்கின்றனர்? அவர்களைத் தேடிச் செல்வோர் யார்? தமிழ்வழிப் பள்ளியிலேயே ஆங்கிலத்தை நன்கு கற்பிக்க நாம் என்ன உதவி செய்தோம்? படித்து உயர்ந்த நம் பிள்ளைகள், மாலையில் ஒரு மணி நேரம் சிறுவர்க்குச் சொல்லித்தர முன்வருவார்களா?

சிறுவரைத் தம்மிடம் வரவிடுமாறு சொன்ன ஆண்டவர், அவர்களுக்கு நுழைவுத்தேர்வு எதையும் வைக்கவில்லை; அவர்கள் பேசும் மொழியையும் கேட்கவில்லை. மணலில் எழுதிய எழுத்தைக் காற்று அழித்துவிடும்; எழுதிய விரலோ அதை மறப்பதில்லை. அவ்விரலைப் பிடித்து எழுதவைக்கும் கை, வருகிற ஜூனிலும் நம் பங்குப் பள்ளியின் வாயிலில் காத்திருக்க வேண்டும்.