செல்லப்பிராணிப் பொருட்கள் கடை

செல்லப்பிராணிப் பொருட்கள் கடை என்பது வீடுகளில் வளர்க்கப்படும் நாய், பூனை, பறவை, முயல், வண்ணமீன் முதலியவற்றுக்குத் தேவையான உணவு, கழுத்துப்பட்டை, சங்கிலி, கூண்டு, மீன்தொட்டி, தூய்மைப் பொருட்கள் போன்றவற்றை விற்கும் சில்லறைக் கடை ஆகும். உயிருள்ள விலங்குகளை விற்கும் கடையிலிருந்து இது வேறுபட்டது. எனினும் சிறு நகரங்களில் இவ்விரு வணிகங்களும் ஒரே கூரையின் கீழ் நடைபெறுவதுண்டு. இந்தியச் சட்டப்படி, உயிருள்ள விலங்குகளை விற்பதா, இல்லையா என்பதே கடை தொடங்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியதாகும். பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களில் இத்தகைய கடை நிலைத்து நிற்பது விலைக்குறைப்பைக் காட்டிலும் சரக்குச் சுழற்சியையும் கடைக்காரரின் விலங்கு வளர்ப்பு அறிவையும் பொறுத்ததாகும்.

வரலாறு

விலங்குகளுக்கென ஆயத்த உணவு செய்து விற்கும் தொழில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றியது. இலண்டனில் குடியேறிய அமெரிக்கரான சேம்சு இசுப்ராட் 1860-களில் நாய்களுக்கான உலர் ரொட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1947-இல் அமெரிக்காவின் எட் லோவ் என்பவர், பூனைகளின் கழிவுக்கு மணலுக்கும் சாம்பலுக்கும் மாற்றாக உறிஞ்சும் களிமண்ணை விற்கத் தொடங்கினார். 1950-களில் பியூரினா நிறுவனம், மாவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிதுக்கிப் பொரிக்கும் முறையில் உலர் நாய் உணவைத் தயாரித்தது. இன்று பைகளில் விற்கப்படும் உலர் உணவுகளில் பெரும்பாலானவை இம்முறையிலேயே செய்யப்படுகின்றன.

தமிழ்நாட்டில் இவ்வணிகம் நெடுங்காலம் சென்னையையே மையமாகக் கொண்டிருந்தது. 1985-இல் தீக்கிரையான மூர் சந்தையில் பிற பொருட்களோடு பறவைகளும் வளர்ப்பு விலங்குகளும் விற்கப்பட்டன. வண்ணமீன் வளர்ப்புக்கும் மொத்த விற்பனைக்கும் சென்னையின் கொளத்தூர்ப் பகுதி பெயர் பெற்றது.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி

பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் மாவட்டம் 2001-இல் உருவாக்கப்பட்டு, 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேரும், அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேரும் வாழ்ந்தனர். பெரம்பலூர் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் வேளாண் மாவட்டம் ஆகும். அரியலூர் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் அறியப்பட்டது.

வணிகத்தைப் பாதிக்கும் இரண்டு கூறுகள் இப்பகுதியில் உள்ளன. முதலாவது, நாய் வளர்ப்பின் தன்மை. வயலையும் ஆட்டுப்பட்டியையும் காக்க வளர்க்கப்படும் நாட்டு நாய் வீட்டுச் சோற்றையே உண்ணும். அதற்குப் பை உணவு வாங்கும் வழக்கம் குறைவு. சங்கிலி, கழுத்துப்பட்டை, உண்ணி நீக்கும் பொருட்கள் ஆகியவற்றுக்கே இவ்வகை வளர்ப்பாளரிடம் தேவை உண்டு. பை உணவின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் நகரத்தில் சீமை இன நாய்களையும் பூனைகளையும் வளர்ப்போர் ஆவர்.

இரண்டாவது, போக்குவரத்து. பெரம்பலூர் நகரம் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. நகரத்தில் தொடருந்து நிலையம் இல்லை. சரக்கு சாலை வழியாகவே வந்து சேர வேண்டும். திருச்சி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால் வாடிக்கையாளரும் அங்குள்ள பெரிய கடைகளுக்கு எளிதில் சென்றுவிடலாம்.

போட்டி

சிறு நகரத்தில் இக்கடைக்குப் போட்டி அதே வகைக் கடைகளிடமிருந்து மட்டும் வருவதில்லை. மாட்டுத்தீவனக் கடைகள் கயிறு, மணி, சங்கிலி ஆகியவற்றை விற்கின்றன. கால்நடை மருந்துக் கடைகள் குடற்புழு மருந்துகளையும் சத்து மருந்துகளையும் விற்கின்றன. வண்ணமீன் கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் அதிகம் விற்கும் நாய் உணவு வகைகள் கிடைக்கின்றன. இணைய வணிக நிறுவனங்கள் பெரிய பைகளைத் தள்ளுபடி விலையில் வீட்டிற்கே அனுப்புகின்றன.

சிறு கடைக்காரர் மொத்தக் கொள்முதல் விலையில் இவற்றோடு போட்டியிடுவது கடினம். ஆனால் பையைப் பிரித்துச் சிறு அளவில் தருதல், உடனடியாகத் தருதல், கழுத்துப்பட்டையை நாயின் கழுத்தில் அளந்து பார்த்துத் தருதல், வளர்ப்பு முறையை நேரில் விளக்குதல் ஆகியவற்றை இணையக் கடை செய்வதில்லை.

சரக்கும் முதலீடும்

இவ்வணிகத்தில் முதலீடு முடங்கும் இடம் உணவுப் பைகளே ஆகும். அவற்றுக்குக் காலாவதி நாள் உண்டு. உலர் உணவில் உள்ள கொழுப்பு, பை திறக்கப்பட்ட பின் காற்றுப் பட்டுச் சிக்கல் வாடை அடிக்கத் தொடங்கும். வெப்பமும் ஈரமும் இதை விரைவுபடுத்தும். ஆகவே திறந்த பையை ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குள் தீர்ப்பது நல்லது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 25 கிலோகிராம் எடையுள்ள வளர்ந்த நாய் ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம் உலர் உணவு உண்ணும் எனக் கொண்டால், மாதத்திற்கு 9 கிலோகிராம் ஆகும். 20 கிலோகிராம் பையை ஆறு வாரத்தில் தீர்க்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 475 கிராம் விற்க வேண்டும். அதாவது, அதே வகை உணவையே தொடர்ந்து வாங்கும் இரண்டு நாய் வளர்ப்பாளராவது அக்கடைக்கு வேண்டும். பத்து வகைப் பைகளைத் திறந்து வைக்கும் கடைக்கு இத்தகைய இருபது வாடிக்கையாளர்கள் தேவை. வகைகளை மிகுதியாக அடுக்கும் புதிய கடை நட்டமடைய இதுவே ஒரு காரணம் ஆகும். சில வகைகளை மட்டும் வைத்துக்கொண்டு, பிறவற்றை முன்பதிவின் பேரில் வரவழைத்துத் தருவது இடரைக் குறைக்கும்.

சில்லறையாக நிறுத்துத் தரும்போது பையில் அச்சிட்ட காலாவதி நாள் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. எனவே அதனை எழுதித் தருவது முறையாகும். உணவை முன்கூட்டியே சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்பதற்கு, 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி எடை, விலை முதலிய விவரங்கள் அச்சிடப்பட வேண்டும்.

தொடக்க முதலீட்டிற்கு, 2015-இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின் கீழ் வங்கிக் கடன் பெறலாம். இதன் முதற்படியான சிசு பிரிவில் ரூ. 50,000 வரை கடன் வழங்கப்படுகிறது. மாநில, மைய அரசுகளின் மானியத் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும்.

சட்டங்கள்

பொருட்களை மட்டும் விற்கும் கடைக்கு உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம் போன்ற, பிற கடைகளுக்குரிய நடைமுறைகளே பொருந்தும். உயிருள்ள விலங்குகளையும் சில மருந்துகளையும் விற்பதற்குத் தனிச் சட்டங்கள் உள்ளன.

விலங்கு வதைத் தடுப்பு (செல்லப்பிராணிக் கடை) விதிகள், 2018: நாய், பூனை, முயல், கூண்டுப் பறவை முதலியவற்றை விற்கும் கடை, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். விலங்குகளுக்குரிய இடவசதி, காற்றோட்டம், மருத்துவக் கவனிப்பு, பதிவேடுகள் ஆகியவற்றை இவ்விதிகள் வரையறுக்கின்றன.

நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், 2017: நாயை இனப்பெருக்கம் செய்து விற்போரும் பதிவு பெற வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளை விற்கக் கூடாது.

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972: பச்சைக்கிளி, மைனா, நட்சத்திர ஆமை போன்ற இந்தியக் காட்டுயிர்களை விற்பதும் வாங்குவதும் குற்றமாகும். ஆத்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டு, கூண்டுகளிலேயே இனப்பெருக்கம் செய்யப்படும் சிறு கிளிகளை (பொதுவழக்கில் 'காதல் பறவைகள்') விற்க இத்தடை இல்லை. கூண்டு விற்கும் கடையில் பச்சைக்கிளி கேட்டு வருவோர் உண்டு என்பதால் கடைக்காரர் இவ்வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

மருந்து மற்றும் அழகுப்பொருட்கள் சட்டம், 1940: விலங்குகளுக்கான மருந்துகளும் இச்சட்டத்திற்கு உட்பட்டவை. மருந்து விற்பனை உரிமம் இல்லாத கடையில் குடற்புழு மாத்திரை, நுண்ணுயிர்க்கொல்லி முதலியவற்றை விற்க இயலாது.

வரி: 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது கால்நடைத் தீவனத்திற்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் சில்லறை விற்பனைக்கெனப் பொதியப்பட்ட நாய், பூனை உணவுக்கு 18 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. தீவனக் கடை நடத்தியவர் இவ்வணிகத்திற்கு மாறும்போது காணும் முக்கிய வேறுபாடுகளுள் இதுவும் ஒன்று.

கடைக்காரரின் அறிவுப் பங்கு

கால்நடை மருத்துவமனைகள் மாடு, ஆடுகளையே மிகுதியாகக் கவனிக்கும் ஊர்ப்புறங்களில், நாய், பூனை வளர்ப்போர் முதலில் ஐயம் கேட்பது பெரும்பாலும் கடைக்காரரிடமே ஆகும். அவர் அறிந்திருக்க வேண்டியவற்றுள் சில:

வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். சமைத்தாலும் இத்தன்மை நீங்காது. சின்ன வெங்காயம் விளையும் பெரம்பலூரில் சாம்பார்ச் சோறு நாய்க்கு வைக்கப்படுவது இயல்பு என்பதால் இச்செய்தி இங்கு சிறப்பாகப் பயன்படும்.

நாய் உணவைப் பூனைக்குத் தொடர்ந்து தரக் கூடாது. பூனைக்கு இன்றியமையாத டாரின் என்னும் சத்து அதில் போதிய அளவு இல்லாமல் போகலாம். இக்குறையால் பூனையின் பார்வையும் இதயமும் பாதிக்கப்படும்.

மனிதர்களுக்கான பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சாகும்.

புதிய மீன்தொட்டியில் மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகப் பல வாரங்கள் ஆகும். தொட்டியையும் நிறைய மீன்களையும் ஒரே நாளில் விற்றால் மீன்கள் இறக்க வாய்ப்பு மிகுதி. முதலில் தொட்டியையும், பின்னர் சில மீன்களையும் விற்கும் கடைக்கு அன்றைய வருவாய் குறையும். வாடிக்கையாளர் தொட்டியைக் கைவிடாமல் மீண்டும் வருவார்.

நோயுற்ற விலங்கைக் கால்நடை மருத்துவரிடம் அனுப்புவதும், நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டதா என வினவுவதும் இப்பங்கின் பகுதியே ஆகும். கடைக்காரரின் அறிவுரை மருத்துவத்திற்கு மாற்றாகாது.

இவற்றையும் பார்க்க

இராசபாளையம் நாய்
சிப்பிப்பாறை நாய்
வண்ணமீன் வளர்ப்பு
வெறிநோய்
பெரம்பலூர் மாவட்டம்
அரியலூர் மாவட்டம்