சாம்பலில் பிறந்த விலங்கு

1954ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் வைகறையில், பசிபிக் கடலில் சூரை மீன் பிடிக்கச் சென்றிருந்த ஜப்பானிய மீனவர் மேற்றிசையில் பேரொளி எழக் கண்டு திகைத்தனர். பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்துச் சோதித்த ஹைட்ரஜன் குண்டின் ஒளி அது. ஹிரோஷிமாவை அழித்த குண்டினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலியது. சில மணி நேரத்தில் வெண்சாம்பல் மழையெனப் படகின்மீது பெய்தது. நற்பேறு தரும் நாகம் என்னும் பொருள்படப் பெயரிட்ட படகு அது! இருபத்து மூவரும் கதிரியக்க நோயுற்றனர். அவருள் வானொலி இயக்குபவரான ஐக்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23இல் மாண்டார். ஆறு வாரம் நிறையுமுன், நவம்பர் 3இல், 'கோஜிரா' திரைக்கு வந்தது.

படம் தொடங்குவதே கடலில்தான். கண்ணைப் பறிக்கும் ஒளி. எரிந்து மூழ்கும் கப்பல். அன்றைய ஜப்பானியருக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நேசநாட்டு ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் அணுகுண்டின் கொடுமையை எழுதவும் காட்டவும் தணிக்கை தடையாயிருந்தது. அவ்வாட்சி 1952இல் நீங்கியபின்னும் தொண்டையில் சிக்கி நின்ற துயரை, தமிழிலக்கணம் உள்ளுறை என வகுத்தது போன்றதொரு வழியில், இயக்குநர் இஷிரோ ஹோண்டா வெளிக்கொணர்ந்தார். போர்முனையினின்று 1946இல் தாயகம் மீண்டபோது ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்டவர் அவர். விலங்கின் தோல், குண்டுக்குத் தப்பியோர் உடலின் தழும்புகளை நினைவூட்டுவது. தளர்த்திய பெருநரம்பிசைக் கருவியின் தந்தியைத் தோலுறையால் உரசி அதன் ஓலத்தை உருவாக்கினார் இசையமைப்பாளர் அக்கிரா இஃபுக்குபே. எனினும் நெஞ்சை உலுக்குவது விலங்கன்று. டோக்கியோ எரிந்த மறுநாள், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கிடத்தப்பட்டோரிடையே, ஒரு குழந்தையருகே கதிரியக்கமானியை நீட்டுபவர் ஒன்றும் பேசாது தலையசைக்கும் காட்சியே அது.

அமெரிக்கரும் இவ்வச்சத்தைப் படமாக்காமல் இல்லை. 1953இல் வந்த படமொன்றில், அணுச்சோதனையால் பனியினின்று விழித்த தொல்விலங்கைக் கதிரியக்கப் பொருளைச் செலுத்தியே கொல்கின்றனர். நோயும் அணு, மருந்தும் அணு! கோஜிராவிலோ அத்தகைய ஆறுதல் இல்லை. விலங்கைக் கொல்லவல்ல கருவியைக் கண்ட அறிஞர் செரிசாவா, அது நாளை மாந்தர்மீதே ஏவப்படும் என அஞ்சித் தம் குறிப்புகளைத் தீயிலிடுகிறார். பின் தாமே கடலடியில் விலங்குடன் மாய்கிறார். அறிவியலறிஞனின் அறம் குறித்து இதனினும் கூர்மையாக வினவிய வணிகத் திரைப்படங்கள் சிலவே.

1956இல் இப்படம் அமெரிக்காவில் வெளியானபோது, ரேமண்ட் பர் நடித்த செய்தியாளர் பாத்திரம் புதிதாக ஒட்டப்பெற்றது. நாகசாகியில் தப்பிவந்த பெண் தொடர்வண்டியில் அதுபற்றிப் பேசும் பகுதி வெட்டுண்டது. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு விலங்கு எழும் என்னும் முதிய பேராசிரியரின் இறுதி எச்சரிக்கையும் மறைந்தது. விலங்கு பிழைத்தது, உள்ளுறை மாண்டது. ஹோண்டாவின் மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக ஓடியது, ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2004இல்தான்.