தறிக்குழியும் மதுமேகமும்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி, பட்டுக்கும் அரிசிக்கும் ஒருங்கே பெயர் பெற்ற ஊர். குழித்தறியில் அமர்ந்து, காலால் மிதியை மாற்றி மாற்றி அழுத்தி, கையால் நாடாவை ஓட்டிப் பொழுதெல்லாம் நெய்தவர்களின் உழைப்பில், விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்து, அதன் ஓரமாக நடந்து நடந்து அறுந்த இழைகளை முடிகிற வேலையும் சேர்ந்திருந்தது. நடை குறைந்து, தீட்டிய அரிசிச் சோறு மிகுந்துவிட்ட எந்தத் தொழிலையும் போலவே நெசவையும் மதுமேகம் எனும் நீரிழிவு நாடி வருவதில் வியப்பில்லை. அந்த நோயோடு வரும் ஆண்மைத் தளர்ச்சியைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

உட்கார்ந்தே இருக்கும் சுகம், தூக்கச் சுகம், தயிர், புதுநெல்லரிசி, வெல்லம் ஆகியவற்றை, மதுமேகம் அடங்கிய பிரமேக நோயின் காரணங்களாக ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை எண்ணியது. மதுமேகத்தோடு புருஷ சக்தியும் குன்றுவதைப் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரசீக வைத்தியர் இப்னு சீனா கண்டு எழுதினார். 1798-இல் பிரிட்டிஷ் ராணுவ வைத்தியர் ஜான் ரோலோவும் அதையே குறித்தார். நம் சித்த வைத்தியம் மேக நோயை 20 வகையாகப் பிரித்த நுட்பம் போற்றத்தக்கதே. ஆயினும் மிதமிஞ்சிய காமத்தையும் அதன் காரணங்களில் ஒன்றாக வைத்ததால், நோயாளி குற்றவாளியைப் போலத் தலைகுனிய நேர்ந்தது என்பது என் கருத்து. அந்த வெட்கத்தைத்தான், ‘நரம்புத் தளர்ச்சி’ என்றும் ‘வாலிபத்தில் செய்த தவறு’ என்றும் சுவரெங்கும் விளம்பரம் ஒட்டி, விடுதி அறைகளில் லேகியம் விற்றவர்கள் காசாக்கினார்கள். சர்க்கரையைப் பார்க்காமலே மருந்து கொடுத்த அந்தக் கொடுமையை மன்னிக்க முடியவில்லை.

உண்மையில் இந்தத் தளர்ச்சி ரத்தக்குழாயின் கதை. ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை குழாய்களின் உட்சுவரையும் நரம்புகளையும் சிதைக்கிறது. குழாயைத் தளர்த்தி ரத்தம் பாய வழிவிடும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. அந்த வாயு உடலில் செய்யும் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆணுறுப்பின் தமனி இதயத் தமனியைவிடக் குறுகியது. ஆகையால் மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே அங்கே தளர்ச்சி தலைகாட்டுவதுண்டு. வயிற்றுக் கொழுப்போ ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனையும் குறைத்துவிடுகிறது.

நோய்க்குச் சிகிச்சை இல்லாமலில்லை. 1948-இலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் ஒரு பெண். கூட்டுக் குடும்பத்தின் திண்ணையில், மருமகள்கள் காதுபட, ஐம்பது வயது நெசவாளர் அவரிடம் தன் ஆண்மைத் தளர்ச்சியை எப்படிச் சொல்வார்? ஆண்களிடம் தனியறையில் ஆண் மருத்துவரே தளர்ச்சி பற்றிய இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் ஏற்பாட்டை ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்தாக வேண்டும்.