முழுகாத நாளிலிருந்து ஒரு கணக்கு

ஒரு பெண் கருவுற்றிருப்பதைத் தமிழ் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று சொல்கிறது. தலைமுழுக வேண்டிய நாள் தள்ளிப்போனதுமே நம் மொழியில் கர்ப்பத்தின் கணக்குத் தொடங்கிவிடுகிறது. மலையகத் தோட்டங்களில் கர்ப்பிணித் தொழிலாளிக்காக வந்த சட்டங்களோ பிரசவ நாளில் நின்றுகொண்டு, அங்கிருந்து முன்னும் பின்னும் சில வாரங்களை மட்டும் அளந்தன. நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களில் தாய்மைக்குக் கிடைத்த காப்பு நூறாண்டுக்கு மேலாகத் தவறான முனையிலிருந்து எண்ணப்பட்டு வந்திருக்கிறது என்பதே என் வாதம்.

கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென இலங்கையில் சட்டம் வந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் கொடுத்து, அந்த நாட்களில் அவளை வேலைக்கு அழைக்காதிருப்பதைத் துரையின் கடமையாக்கியது. 1939இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம், பின் நான்கு வாரம் எனப் பணக்கொடை வழங்கியது. சம்பளமில்லாத ஒரு நாள் அடுப்பெரியாத நாளாகிவிடும் லயக் காம்பிராவில் இவை பெரிய பேறுகள்தாம். என்றாலும் அந்த இரண்டு வாரத்துக்கு முந்திய எட்டு மாதமும் அவள் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் தொழிலாளி. விடியலில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், தலையில் கயிறு மாட்டிய கூடையோடு மலையேறி, கொழுந்து குறைந்தால் அரைப் பேருடன், அதாவது அரைநாள் கூலியுடன், திரும்ப வேண்டியவள். 2018இல் வந்த திருத்தம், பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பாராமல் 84 நாள் விடுமுறையை உறுதிசெய்தது. பின்பக்கம் இப்படி வளர்ந்த விடுமுறையின் முன்பக்கம் 1939இல் இருந்த அதே இரண்டு வாரத்தில் நிற்கிறது.

அந்தக் காப்பில்லாத காலத்தின் தொடக்கத்தில் வயிற்றுக்குள் நடப்பதைப் பாருங்கள். கரு உருவான நான்காவது வாரத்தில், பின்மூளையை ஒட்டிய பகுதியில் உள்ள நரம்பு முகட்டிலிருந்து சில உயிரணுக்கள் பிரிந்து முன்குடலுக்குள் நுழைகின்றன. குடற்சுவர் சுரக்கும் ஒரு புரதம் அவற்றை அழைக்கிறது. அவற்றின் மேற்பரப்பில் உள்ள ‘ரெட்’ என்னும் ஏற்பி அந்த அழைப்பை வாங்குகிறது. போகும் வழியெல்லாம் அவை பெருகுகின்றன; அந்தப் பெருக்கமே முன்வரிசையை மேலும் முன்னே தள்ளுகிறது. நீண்டுகொண்டே இருக்கும் குடலின் வழியே நகர்ந்து, ஏழாவது வாரத்தை ஒட்டி அதன் கடைசி முனையை எட்டுகின்றன. உணவை நகர்த்தும் கோடிக்கணக்கான குடல் நரம்பணுக்கள் இவற்றின் வழிவந்தவை. முனையை எட்டாமல் இடையில் நின்றுவிட்டால் அதற்கப்பாலுள்ள குடல் மலத்தைத் தள்ளாது. கோபன்ஹேகன் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886இல் விவரித்த குழந்தை நோய் இதுதான். தாய்க்கு இரண்டாம் முறையும் நாள் தள்ளிப்போய் மசக்கை வாட்டும் வேளையில் இந்தப் பயணம் முடிந்துவிடுகிறது. சட்டம் அவளைத் திரும்பிப் பார்க்க இன்னும் ஆறேழு மாதம் இருக்கிறது.

1939இல் இதை யார் அறிந்திருந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோழிக் கருவில் நரம்பு முகட்டின் அந்தப் பகுதியை அகற்றினால் குடல் நரம்பணுக்கள் உருவாவதில்லை என்று யின்டெமாவும் ஹாமண்டும் காட்டியது 1954இல். காடைக் கருவின் உயிரணுக்களைக் கோழிக் கருவில் பொருத்தி, அவை போகும் பாதையை நிக்கோல் லெ துவாரினும் தெய்யேவும் வரைந்தது 1973இல். ஆனால் முதல் மாதங்கள் நலிவானவை என்று அறிய நுண்ணோக்கி வேண்டியதில்லை. கரு கலைவதும் வாந்தியும் மயக்கமும் அந்த மாதங்களில்தான் மிகுதி என்பதை லயத்து மூதாட்டிகள் எல்லோரும் அறிவார்கள். சட்டம் அளந்தது உடலின் தேவையை அன்று. கூடை சுமக்க முடியாமற்போகும் நாட்களை. அதனால்தான் கணக்குக் கடைசி முனையில் தொடங்கியது.

குடல் நரம்புக் குறை ஏறத்தாழ 5,000 பிறப்புகளுக்கு ஒன்றில் வருவது, பெரிதும் மரபணு சார்ந்தது, அதைத் தோட்டத்தோடு முடிச்சுப் போடலாமா என்பது இன்னொரு மறுப்பு. தோட்டவேலை இந்த நோயைத் தருகிறது என்று நான் சொல்லவில்லை. எந்தத் தாய் மீதும் பழி போடவும் கூடாது. எலிகளில் உயிர்ச்சத்து ஏ குறைந்தபோது இந்த உயிரணுக்களின் பயணம் தடைப்பட்டதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. மனிதரில் உறுதிப்பட்ட சான்று வேறொன்று. கருவின் நரம்புக் குழாய் நான்காம் வாரத்துக்குள் மூடுகிறது. கருவுறும் முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்தால் அதன் குறைகள் பெருமளவு தடுக்கப்படுகின்றன என்று 1991இல் பிரித்தானிய ஆய்வு நிறுவியது. குடல் நரம்பின் கதை சொல்வதும் இதே காலப்பாடத்தைத்தான்: அடித்தளம் முதல் வாரங்களில் இடப்படுகிறது. 2016ஆம் ஆண்டு ஆய்வில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17.3 வீதம். இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் உண்டு. கருவிலிருக்கும்போதே தாய்க்குக் கிட்டாத ஊட்டத்தை அவற்றிலிருந்து விலக்கிவிட முடியாது.

முதல் மாதத்திலேயே காப்பு என்றால் தோட்டம் அவளை வேலையிலிருந்து ஒதுக்கிவிடும், பேரும் போய்விடும் என்ற அச்சம் மெய்யானது. அதற்கு விடை காப்பைச் சுருக்குவதன்று, சம்பளத்தோடு கட்டுவது: முழுப் பேருக்கு இலகுவான வேலை, கொழுந்து எடையில் விலக்கு, கிளினிக் நாளுக்குக் கூலி. புதுமணப் பெண்ணுக்கு ஃபோலிக் அமிலம் கொடுக்கும் அரச சுகாதார சேவை கருவுறும் முன்பே எண்ணத் தொடங்கிவிட்டது. தொழிற்சட்டமும் அந்த நாளுக்கு வர வேண்டும். முழுகாத நாளிலேயே அவளைத் தாயாக எண்ணிய மொழி, மலையேறி வந்தவர்களிடம் முதலிலிருந்தே இருக்கிறது.