நாயிடம் கற்றதை நாய்க்கே

நெய்வேலி அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த அட்டை நினைவிருக்கும். ஷாக் அடித்தவரை உயிர்ப்பிப்பது எப்படி என்று படம் போட்டுச் சுவரில் தொங்கும். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 44-ஆவது விதி அதை மாட்டச் சொன்னது. நம் நிறுவனம் பிறந்ததும் அதே 1956-ல்தான்.

பின்னாளில் நாம் பயின்ற முதலுதவியில், நெஞ்சை அழுத்தும் முறையும் சேர்ந்தது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? நாய்களிடமிருந்து!

அமெரிக்காவில் லைன்மேன்கள் ஷாக் அடித்து இறந்துகொண்டிருந்ததால், மின்சாரக் கம்பெனிகளே 1920-களில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அதில் இறங்கியவர் வில்லியம் கூவன்ஹோவன். அவர் டாக்டர் அல்ல, எலக்ட்ரிகல் இன்ஜினியர். துடிப்பு தாறுமாறான இதயத்தை மின்சாரத்தால் சீராக்கும் சோதனைகளை நாய்களிடம் நடத்தினார்கள். 1958-ல் மாணவர் கய் நிக்கர்பாக்கர் ஒன்றைக் கவனித்தார். கனமான தகடுகளை நாயின் நெஞ்சில் அழுத்தியதுமே, மின்சாரம் பாயும் முன்பே, இரத்த அழுத்தம் சற்று ஏறியது. அப்படியானால் கையால் அழுத்தியே இரத்தத்தை ஓட்டலாமே! அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர்ந்துகொள்ள, 1960-ல் மூவரும் கட்டுரை வெளியிட்டார்கள்.

மனிதர்களுக்கு அந்த முறை உடனே பரவியது. நாய், பூனைகளுக்கென்று சான்றுகளை அலசி, 'ரெக்கவர்' என்ற பெயரில் வழிமுறை வகுத்ததோ 2012-ல்தான். 2024-ல் அதைத் திருத்தினார்கள்.

நினைவும் மூச்சும் இல்லாத நாயை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே போகுமாறு அழுத்துங்கள். பூனைக்கும் குட்டி நாய்க்கும் ஒரு கைப்பிடி போதும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியே ஊத வேண்டும். வெறிநோய் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் ஊதவே கூடாது, அழுத்தினால் போதும். ஒயரைக் கடித்த நாயென்றால் முதலில் மெயினை அணையுங்கள். இதை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதயம் நின்ற பிராணிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆனாலும் 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில், நமக்குச் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த முதல் சில நிமிடங்களுக்கு நம் கைகள்தான். பக்கத்துக் கால்நடை டாக்டரின் எண்ணை இன்றே போனில் பதிந்து வையுங்கள்.