மாநகராட்சிச் சின்னம் விதிக்கும் நிபந்தனை

ஐரோப்பியப் போர்க்களங்களில் வீரனை அடையாளங்காட்டிய கேடயச் சின்னம், காலப்போக்கில் நகராட்சிகளின் முத்திரையாயிற்று. அதிலுள்ள உருவங்கள் நகரின் உடைமைகளைக் காட்டும். உடன்வரும் முழக்க வாசகமோ நகரம் தன்னைப் பற்றிக் கொண்ட மதிப்பைச் சொல்லும். மும்பைக்கு அத்தகைய வாசகங்கள் இரண்டு.

எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1893இல் நிறைவுற்ற மாநகராட்சிக் கட்டடத்தின் முகப்பில், சிறகு விரித்த பெண்ணுருவம் ஒன்று நிற்கிறது. இந்தியாவின் தலையாய நகரம் என்னும் இலத்தீன் பட்டத்தின் உருவகம் அது. வயதில் மூத்தது 1688இல் தோன்றிய சென்னை மாநகராட்சியே. ஆகவே இங்கு ஒலிப்பது வணிகப் பெருமிதம்.

மாநகராட்சிச் சின்னத்திலுள்ள வடமொழி வாசகமோ மகாபாரத மரபினது. அறம் உள்ள இடத்திலேயே வெற்றி உண்டு என்பது அதன் பொருள். உச்ச நீதிமன்றத்தின் வாசகமும் அதுவே. முன்னது உரிமை கொண்டாடுகிறது. பின்னது நிபந்தனை விதிக்கிறது.

இவ்வேறுபாட்டின் கனம் கோவண்டியில் புலப்படும். அதனை அடுத்த தேவ்னாரில் 1927 முதல் நகரின் குப்பை குவிந்து வந்துள்ளது. கோவண்டியை உள்ளடக்கிய எம்-கிழக்கு வார்டு, 2009ஆம் ஆண்டின் மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் கடைசி இடம் பெற்றது. சின்னத்தை அலங்காரமாக அன்றி ஆவணமாக வாசித்தால், அம்மக்கள் குடிநீரும் தூய காற்றும் கேட்பது சலுகைக் கோரிக்கை அன்று. மாநகராட்சி தானே பொறித்துக்கொண்ட நிபந்தனையை நினைவூட்டுவதே ஆகும்.